மாயமான் மடல்

பஞ்சவடியில் தோன்றிய பொன்மானின் கதையை அறியாதார் தமிழகத்தில் அரியர். அக்கதையில் வஞ்சனை ஒருமுறையன்று, மும்முறை நிகழ்கின்றது. முதலில் மாரீசன் பொன்மானாக வந்து ஆசையைத் தூண்டினான். பின்னர், அம்பு பட்டு வீழுங்கால் இராமனது குரலிலேயே கூவி அச்சத்தை எழுப்பினான். இறுதியில் இராவணன் தவவேடம் பூண்டு வந்து நம்பிக்கையைக் கவர்ந்தான். ஆசை, அச்சம், பொய்வேடம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமையால், வில்வீரர் இருவர் காத்து நின்ற குடில் காவலற்றதாயிற்று. காவலரை எவரும் வென்று வீழ்த்தவில்லை. அவர்களே ஒருவர்பின் ஒருவராக அகன்று செல்லுமாறு செய்யப்பட்டனர்.

இப்பழைய வஞ்சனை இன்று புதியதொரு களத்தில் நாள்தோறும் நிகழ்கின்றது. அக்களம் இணைய விளையாட்டு. பொன்மானாக வருவது ஒரு மின்னஞ்சல் மடல்.

இணையத்தின் வழியே பிறரோடு கூடி விளையாடும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அவர் பல மாதம் உழைத்துப் பெற்ற படிநிலை, ஈட்டிய பொற்காசு, சேர்த்த படைக்கலம், பழகிய நண்பர் ஆகிய யாவும் அக்கணக்கில் அடங்கும். அதனைத் திறக்கும் திறவுகோல் கடவுச்சொல். அத்திறவுகோலை உரியவரே தம் கையால் எடுத்துக் கொடுக்குமாறு செய்யும் பொய்ம்மடலைப் பிஷிங் மடல் என்பர். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தழுவி அமைந்த பெயர் அது. தமிழில் தூண்டில் மடல் எனலாம். இப்பெயர் 1990களின் நடுப்பகுதியில் வழக்கிற்கு வந்தது. அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணையச் சேவையைப் பயன்படுத்தியோரிடம், அதன் அலுவலர் போல நடித்துக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிய வஞ்சகரின் செயலுக்கு அன்று இப்பெயர் அமைந்தது.

விளையாட்டுக் கணக்கில் திருடுவதற்கு என்ன இருக்கின்றது எனச் சிலர் வினவலாம். இதற்கு விடையாக ஒரு விளையாட்டின் வரலாற்றை நோக்குதல் தகும். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் அதற்குச் சந்தா செலுத்தியோர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தைக் கடந்தது. அவ்விளையாட்டினுள் ஈட்டும் பொற்காசு வெறும் கற்பனைக் காசே. ஆயினும், விதிக்கு மாறாக அதனை மெய்ப்பணம் கொடுத்து வாங்குவோர் வெளியே இருந்தனர். வாங்குவோர் உள்ள இடத்தில் திருடுவோரும் தோன்றுதல் உலக இயல்பு. ஒருவரது கணக்கினுள் புகுந்த திருடன், அவருடைய படைக்கலங்களையும் அணிகளையும் விற்றுப் பொற்காசாக்கி, அக்காசைத் தன் ஆட்களுக்கு அனுப்பிவிடுவான். உரியவர் மறுநாள் வந்து காணுங்கால், பல ஆண்டு உழைப்பு ஓரிரவில் சூறையாடப்பட்டிருக்கும்.

அவ்விளையாட்டினரை நோக்கி வந்த தூண்டில் மடல்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒரு வகை ஆசையைத் தூண்டும்: 'இன்னும் வெளிவராத புதிய பகுதியை முன்னரே ஆடிப்பார்க்க உமக்கு அழைப்பு வந்துள்ளது, அரிய ஊர்தி விலங்கு ஒன்று உமக்கு விலையின்றிக் கிடைக்கும்' என அஃது இனிது பேசும். மற்றொரு வகை அச்சத்தை எழுப்பும்: 'நீர் உமது கணக்கை விற்க முயல்வதாக அறிந்தோம், இது விதிக்கு மாறானது, கீழுள்ள இணைப்பின் வழியே வந்து கணக்கு உம்முடையதே என மெய்ப்பியாவிடில் அது மூடப்படும்' என அஃது அதட்டும். இரண்டும் பிளிசார்டின் பெயரையும் சின்னத்தையும் தாங்கி வந்தன. இணைப்பைத் தொட்டவர் சென்று சேர்ந்த பக்கமும் அந்நிறுவனத்தின் பக்கம் போலவே தோன்றியது. அங்கே அவர் இட்ட கடவுச்சொல் நேரே திருடனிடம் சென்றது.

இவ்விரண்டனுள் கொடியது எது? ஆசையைக் காட்டும் மடலே கொடியது எனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. பேராசையில்லாதவன் முதல் மடலை எளிதில் ஒதுக்கிவிடுவான். அச்சுறுத்தும் மடலோ நேர்மையுடையவனையே மிகுதியாக வருத்தும். கணக்கை விற்க முயன்றவன் அம்மடலைக் கண்டு தயங்குவான். ஒரு குற்றமும் செய்யாதவனோ, தன்மீது வீண்பழி வந்ததே எனத் துடித்து, தன் தூய்மையை மெய்ப்பிக்க விரைந்து ஓடுவான். ஆதலின், ஏமாந்தோர் யாவரும் பேராசையுடையோர் என இகழ்தல் அறமாகாது. நேர்மையின் பதற்றத்தையே வலையாக விரித்த வஞ்சகனன்றோ பழிக்கத்தக்கவன்?

ஏமாந்தோர் யாவரும் அறிவிலிகள் எனக் கூறுதலும் அத்தகைய பிழையே. ஸ்டீம் என்னும் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், திங்கள்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் திருடப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. அவ்வாறு இழந்தோர் ஏதுமறியாப் புதியோர் அல்லர் என்றும், விளையாட்டையே தொழிலாகக் கொண்ட தேர்ந்த வீரரும் அவருள் உளர் என்றும் அவ்வறிவிப்பு எடுத்துரைத்தது. தூண்டில் மடல் ஒன்றே இத்திருட்டுகளுக்கெல்லாம் வழியன்று. எனினும், பழக்கமும் திறமையும் மட்டும் ஒருவரைக் காத்துவிடா என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இனி, இம்மடல்களை இனங்காணும் வழிகளைக் காண்போர், முதற்கண் அனுப்பியவர் பெயரை நம்புதல் கூடாது என்பதை அறிதல் வேண்டும். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் முறைக்கு 1982ஆம் ஆண்டில் விதி வகுத்தபொழுது, அனுப்புவோர் இடும் பெயர் மெய்யா பொய்யா என ஆராயும் வழி அதில் அமைக்கப்படவில்லை. அஞ்சலுறையின் மேல் எவரும் எப்பெயரையும் எழுதிவிடலாம் அன்றோ? அது போன்றதே இதுவும். பிற்காலத்தில் சோதனைகள் பல சேர்க்கப்பட்டன. ஆயினும் பொய்ப்பெயர் முற்றும் ஒழிந்தபாடில்லை. மடல் தன் முகவரியை அறிந்திருக்கின்றது என்பதும் அதன் உண்மைக்குச் சான்றாகாது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளிசார்டின் கணினி அமைப்பினுள் அயலார் புகுந்து, விளையாடுவோர் பலருடைய மின்னஞ்சல் முகவரிகளைக் கவர்ந்தனர் என அந்நிறுவனமே அறிவித்தது. தான் ஒருபோதும் மடலின் வழியே கடவுச்சொல் கேட்பதில்லை என்றும் அது நினைவூட்டியது. முகவரி அறிந்தவர் யாவரும் உறவினர் ஆகார்.

அடுத்து, இணைப்பு எங்கே செல்கின்றது என நோக்குதல் வேண்டும். மடலில் எழுதப்பட்டிருப்பது ஒன்றாகவும், அது கொண்டுசெல்லும் இடம் வேறாகவும் இருக்கலாம். கணினியில் சுட்டியை இணைப்பின்மேல் அழுத்தாது நிறுத்தினால் உண்மை முகவரி புலனாகும். அம்முகவரியைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. 'மதுரைச் சாலை, திருநெல்வேலி' என முகவரியிட்ட கடிதம் மதுரைக்குச் செல்வதில்லை. இறுதியில் நிற்கும் ஊர்ப்பெயரே அதன் போக்கைத் தீர்மானிக்கும். இணைய முகவரியும் அத்தகையதே. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் தொடங்கி, முதலில் வரும் ஒற்றைச் சாய்கோடு வரையுள்ள பகுதியை வலப்புறத்திலிருந்து படித்தல் வேண்டும். காம், நெட் போல முடியும் முகவரிகளில், அவ்விறுதிச் சொல்லுக்கு இடப்புறத்தே ஒரு புள்ளி நிற்கும். அப்புள்ளிக்கு முன் நிற்கும் சொல்லே தளத்திற்கு உரியவரைக் காட்டும். நிறுவனத்தின் நற்பெயர் முகவரியின் தொடக்கத்தில் விளங்க, இறுதியில் அறியாத பெயர் ஒன்று நிற்குமாயின், அது மதுரை என நினைத்துத் திருநெல்வேலிக்குச் செல்லும் வழியே ஆகும்.

எழுத்துக்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் படித்தல் நன்று. ஆங்கிலத்தில் ஆர், என் என்னும் சிறிய எழுத்துக்கள் இரண்டும் நெருங்கி நின்றால் எம் என்னும் எழுத்தாகவே தோன்றும். ஓர் எழுத்து இடம் மாறியிருப்பினும் விரையும் கண்ணுக்கு அது புலப்படாது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இவ்விடரை நன்கு அறிந்திருந்தனர். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ரகரமும் காலும் ஒருபடித்தாக இருக்கும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்றோர், ஒரு சுவடியில் கண்டதைக் கண்டவாறே நம்பிவிடவில்லை. வேறு சுவடியோடும் உரையோடும் ஒப்பிட்டு, ஐயம் தீர்ந்த பின்னரே பாடத்தை உறுதி செய்தனர். ஓரெழுத்தின் பொருட்டு அவர்கள் பல நாள் காத்திருந்தனர். தன் கணக்கின் திறவுகோலைக் கொடுக்குமுன் ஒருவன் சில நொடி காத்தல் ஆகாதோ?

எழுத்துப்பிழையைக் கொண்டு பொய்ம்மடலை அறிந்துவிடலாம் என நெடுநாளாகக் கூறப்பட்டு வந்தது. முன்னர் அதற்குப் பொருள் இருந்தது. பழைய பொய்ம்மடல்கள் பலவற்றில் பிழைகள் மலிந்து கிடந்தன. இன்று அவ்வறிவுரையை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்தாகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எவர்க்கும் பிழையற்ற மடலை நொடியில் எழுதித் தருகின்றன. பிழையிருப்பின் ஐயுறுக, பிழையில்லை என்பதனால் நம்பற்க.

முகவரியை நோக்கும் கண்ணையும் ஏய்க்கும் சூழ்ச்சி ஒன்று 2022ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பொய்ப்பக்கத்தினுள்ளேயே ஒரு சிறு சாளரம் திறப்பது போலப் படம் வரைந்து, அதன் நெற்றியில் ஸ்டீம் தளத்தின் உண்மை முகவரியையும் வஞ்சகர் எழுதி வைத்தனர். காண்போர் முகவரியைச் சரிபார்த்தனர். அது சரியாகவே இருந்தது. ஆனால் அது முகவரியன்று, முகவரியின் ஓவியம். மெய்ச்சாளரமாயின் அதனைக் கணினியில் பற்றி இழுத்து உலாவியின் எல்லைக்கு வெளியே கொணரலாம். வரைந்த சாளரம் எல்லையைக் கடவாது. இதனை அறிந்தோர் தப்புவர். ஆயினும், நாளை இதனினும் நுண்ணிய சூழ்ச்சி தோன்றாது என எவரே உறுதி கூறவல்லார்?

ஆதலின், கண்ணின் கூர்மையை மட்டும் துணையாகக் கொள்ளுதல் போதாது. இம்மடல் மெய்யா பொய்யா என ஆராய்ந்து தீர்ப்பதற்கு முன்னரே ஒருவனைக் காப்பது ஓர் எளிய ஒழுக்கம்: மடல் காட்டும் வழியில் செல்லாதிருத்தல். செய்தி எதுவாயினும் ஆகுக. அதிலுள்ள இணைப்பைத் தொடாது மடலை மூடிவிடுதல் வேண்டும். பின்னர், தான் நாள்தோறும் திறக்கும் வழியிலேயே விளையாட்டையோ தளத்தையோ திறந்து, தன் கணக்கைத் தானே காணுதல் வேண்டும். கணக்கில் இடர் உண்மையாயின் அங்கும் அதன் குறி காணப்படும். ஐயம் தீராவிடில் நிறுவனத்தின் உதவிப் பகுதிக்கு அங்கிருந்தே எழுதிக் கேட்கலாம். மடல் மெய்யாயின் இதனால் சில நிமிடம் மட்டுமே கழியும். பொய்யாயின் பல ஆண்டு உழைப்புப் பிழைக்கும். இவ்வொழுக்கமுடையவனிடம் வஞ்சகன் எத்துணை அழகிய மடல் விடுப்பினும் பயனில்லை. அவன் வரைந்த வாயிலுக்கே இவன் செல்வதில்லை.

கடவுச்சொல் காப்பகம் என்னும் மென்பொருளும் இதற்கு நல்ல துணையாகும். அது தளத்தின் அழகைக் காண்பதில்லை. முகவரியின் எழுத்தையே ஒப்பிடும். முகவரி மாறியிருப்பின் கடவுச்சொல்லைத் தானே நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் காப்பகம் வாளாவிருக்குமாயின், அங்கே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் பூட்டும் இன்றியமையாதது. பொத்தானை அழுத்துந்தோறும் புதிய எண்ணைக் காட்டும் சிறு கருவியைப் பிளிசார்ட் 2008ஆம் ஆண்டில் வழங்கத் தொடங்கியது. ஸ்டீம் தளம் 2011ஆம் ஆண்டில் தனக்குரிய இரண்டாம் காவலை அமைத்தது. இக்காவலைப் பெற்றோரும் ஒன்றை மறத்தல் ஆகாது: பொய்ப்பக்கம் கடவுச்சொல்லோடு அவ்வெண்ணையும் கேட்கும். எண்ணையும் கொடுத்துவிட்டால் பூட்டு இரண்டாயினும் பயனில்லை.

மாரீசன் இராமனது குரலில் கூவிய சூழ்ச்சியும் இக்களத்தில் உண்டு. திருடப்பட்ட கணக்கிலிருந்து, அக்கணக்குக்குரியவரின் நண்பர்க்கெல்லாம் செய்தி செல்லும். 'எங்கள் அணிக்கு ஒரு வாக்களி' என்றும், 'தவறுதலாக உன்மீது புகார் கொடுத்துவிட்டேன். உடனே இவரைத் தொடர்புகொள்' என்றும் அது கூறும். பெயர் நண்பனுடையது, படமும் நண்பனுடையது, பேசுவோன் மட்டும் வேறொருவன். அத்தகைய செய்தி வரின், நண்பனை நேரில் கண்டோ தொலைபேசியில் அழைத்தோ கேட்டறிதல் வேண்டும். நண்பனை ஐயுறுதல் அன்று இது. நண்பன் பெயரைக் களவாடியவனை ஐயுறுதலே ஆகும். உடனே கேட்டமையால் நண்பனது கணக்கும் காக்கப்படலாம்.

இவ்வளவு அறிந்தும் ஒருவன் ஏமாறக்கூடும். அப்போது அவனைக் கெடுப்பது திருட்டினும் நாணமே. விளையாடியதற்கே பெற்றோர் வெகுள்வர் என அஞ்சி அவன் மறைப்பான். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு ஆதாயம். ஒரே கடவுச்சொல்லைப் பல இடத்தும் வைத்திருப்பின், விளையாட்டுக் கணக்கைத் திறந்தவன் மின்னஞ்சலையும் திறப்பான். மின்னஞ்சலைத் திறந்தவன் அதனோடு இணைந்த பிற கணக்குகளையும் அடைவான். தந்தையின் வங்கி அட்டை விளையாட்டோடு இணைக்கப்பட்டிருப்பின் இழப்பு குடும்பத்தையே சாரும். ஆதலின் உண்மையை உடனே உரைத்தலே அறிவுடைமை. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலிலும், விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை அடுத்தும் மாற்றுதல் வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுதல் வேண்டும். நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும். பணம் பறிபோயிருப்பின் இந்தியாவில் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணைப் பெற்றோர் உடனே அழைத்தல் வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியரும் ஆற்றவேண்டிய கடமையும் ஈண்டு உண்டு. 'விளையாட்டுத்தானே, போனால் போகட்டும்' எனக் கூறுதல் ஆறுதல் ஆகாது. இழந்தது கற்பனைக் காசேயாயினும், இழந்தவனது உழைப்பும் துயரமும் கற்பனையல்ல. ஏமாந்து வந்து உண்மை கூறிய சிறுவனை வெகுண்டால், மறுமுறை அவன் உண்மை கூறான். அன்று போவது விளையாட்டுக் கணக்காக இராது. மடல் ஒன்றைக் கண்டு அஞ்சி, 'இஃது உண்மையா?' எனக் கேட்டு வரும் பிள்ளைக்கு, கேட்டமையையே பாராட்டி விடை தருதல் வேண்டும். கேட்கும் பிள்ளையைக் காப்பது எளிது.

பதறிய காரியம் சிதறும் என்பது தமிழர் பழமொழி. தூண்டில் மடலின் முழு வலிமையும் பதற்றமே. இருபத்துநான்கு மணி நேரத்தில் மூடிவிடுவோம் என அது மிரட்டுவதும், முதலில் வருவோர்க்கே பரிசு என அது அழைப்பதும், படிப்போன் எண்ணிப் பாராமல் இருத்தற்பொருட்டே. எண்ணிப் பார்க்கும் நேரத்தை எவன் தன்னிடமே வைத்துக்கொள்கின்றானோ, அவனிடம் ஆசையும் அச்சமும் பொய்வேடமும் தோற்கும். பொன்மான் இன்றும் வாயிலில் துள்ளுகின்றது, துள்ளட்டும். அதனைத் துரத்தி ஓடாமல் ஒரு நொடி நிற்பவனது குடில் காக்கப்படும்.